மூன்று முடிச்சுக்கு மூன்று கட்டம்: கல்யாண ஆல்பம் ஷீட் அமைக்கும் முறை

எங்கள் அப்பா மயிலாடுதுறையில் ஸ்டுடியோ வைத்திருந்தபோது கல்யாண ஆல்பம் என்றால் கறுப்பு அட்டைத் தாள்கள்தான். இரண்டு தாளுக்கு நடுவே சிலந்திவலை அச்சுப் போட்ட மெல்லிய தாள் ஒன்று இருக்கும். பிரிண்ட் போட்டு வந்த படங்களை அப்பா உடனே ஒட்டிவிட மாட்டார். கூடத்தில் பாயை விரித்து, படங்களையெல்லாம் பரப்பி, நடுவில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைப்பார், கொஞ்சம் தள்ளி வைப்பார், பிறகு எடுத்தே விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பக்கத்தில் உட்கார்ந்து கார்னர் ஸ்டிக்கர்களை எடுத்துக் கொடுப்பேன். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் அந்தப் பாய் மடிக்கப்படாமலே கிடக்கும்.

இன்று நான் கம்ப்யூட்டரில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கோடு வருவார்கள். முகூர்த்த மாதங்களில் ஒரு வாரத்துக்கு நான்கு ஆல்பம்கூட முடிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அந்தப் பாய் வேலையை நான் விடவில்லை. ஒரு ஷீட்டில் பல படங்களைக் கட்டம் கட்டி வைப்பது எப்படி, பார்டர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கும்போது முதலில் சொல்வது இதைத்தான்: மவுஸைத் தொடுவதற்கு முன் படங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

சின்னச் சின்னதாக, ஏ4 தாளில் இருபது படம் வருகிற மாதிரி ஒரு பிரிண்ட் எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டித் தரையில் பரப்புங்கள். கலர் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்கிரீனில் ஒரு படத்தைத்தான் பார்ப்போம். தரையில் முந்நூறு படமும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கும். எந்தப் படம் எந்தப் படத்தோடு சேரும் என்பது அப்போதுதான் தெரியும்.

தாளின் கணக்கு

எங்கள் பக்கம் இப்போது அதிகம் ஓடுவது 12-க்கு 36 இன்ச் ஷீட். கரிஷ்மா ஆல்பம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். விரித்து வைத்தால் 36 இன்ச் அகலம், நடுவில் ஒரு மடிப்பு. அந்த மடிப்புக்கு இந்தப் பக்கம் 18 இன்ச், அந்தப் பக்கம் 18 இன்ச். 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி, என்ற கணக்கில் முழு ஷீட் 10,800-க்கு 3,600 பிக்சல்.

பாதிப் பக்கத்தின் அளவு 18-க்கு 12. இது 3-க்கு 2 என்ற விகிதம். டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா எடுக்கிற படமும் 3-க்கு 2 தான். 36-க்கு 24 மில்லிமீட்டர் என்ற பழைய பிலிமின் அளவிலிருந்து வந்த விகிதம் அது. அதனால் படுக்கைவாட்டில் எடுத்த ஒரு படத்தை ஓரம் விடாமல் அரைப் பக்கம் முழுக்க வைத்தால், ஒரு விரல்கூட வெட்டுப்படாமல் கச்சிதமாக உட்காரும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6,000 பிக்சல் அகலம் இருக்கும். நமக்கு வேண்டியது 5,400 தான். தாராளமாகப் போதும்.

செல்போன் படங்கள் பெரும்பாலும் 4-க்கு 3 விகிதத்தில் வரும். மாமா எடுத்தது, தோழி எடுத்தது என்று ஐந்தாறு போன் படங்கள் இல்லாத கல்யாணமே இப்போது கிடையாது. அவற்றை கேமரா படங்களோடு ஒரே வரிசையில் வைத்தால் உயரம் ஒத்துப்போகாமல் தொந்தரவு கொடுக்கும். தனி ஷீட்டில் வைப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படமாக இருந்தால் நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சல்தான் இருக்கும். அது ஐந்து இன்ச் சொச்சத்துக்கு மேல் தாங்காது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சரி, அளவு போதும்.

ஷீட்டுக்கு ஒரு படம் பேச வேண்டும்

ஒரு ஷீட்டில் எத்தனை படம் வைக்கலாம் என்று கேட்பார்கள். "பக்கத்துக்குப் பத்தாவது போடுங்கக்கா, பார்ட்டி காசு குடுக்குது இல்ல" என்று போட்டோகிராபர்களே சொல்வதுண்டு. நான் நான்கு அல்லது ஐந்தில் நிறுத்திக்கொள்வேன். அந்த நான்கில் ஒன்றுதான் பெரியது. மற்ற மூன்றும் அதற்குத் துணை. நான்கையும் ஒரே அளவில் வைத்தால் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் கண் அலையும், கை அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடும். வீட்டுப் பெண்கள் கூடி ஆல்பம் பார்க்கும்போது கவனித்திருக்கிறேன். ஒரு பெரிய படம் இருக்கிற பக்கத்தில் ஒருவர் விரல் வைத்து எதையாவது காட்டுவார், பேச்சு வளரும். பத்துப் படம் நெருக்கியிருக்கிற பக்கத்தை அப்படியே கடந்துவிடுவார்கள்.

ஒரு ஷீட்டை முழுதாகச் செய்து காட்டுகிறேன். தாலி கட்டுகிற ஷீட். எல்லா ஆல்பத்திலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். அடுத்த இரண்டையும் நாத்தனார் போடுவார். மூன்று முடிச்சு இருப்பதால் மூன்று கட்டம் என்பது எனக்குத் தானாகவே அமைந்தது. இடது அரைப் பக்கம் முழுக்க ஒரே படம்: கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை காற்றில் இருக்கிறது, மணமேடையைச் சுற்றி நிற்கும் எல்லோருடைய கையும் உயர்ந்திருக்கிறது. ஓரம் விடாமல், தாளின் விளிம்பு வரைக்கும். சத்தம் நிறைந்த படம் இது, இதற்கு வேலி கட்டக் கூடாது.

வலது அரைப் பக்கம் அமைதியாக இருக்க வேண்டும். வெள்ளைத் தளம். அதில் நெட்டுக்குத்தான மூன்று படங்கள், ஒரே அளவில், ஒரே வரிசையில்.

கணக்கு இதுதான். அரைப் பக்கத்தின் அகலம் 18 இன்ச். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இன்ச் விட்டால் மீதி 16. படங்களுக்கு நடுவே கால் இன்ச் இடைவெளி, இரண்டு இடத்தில். ஆக அரை இன்ச் போனால் 15.5. அதை மூன்றால் வகுத்தால் ஒரு கட்டத்தின் அகலம் 5.17 இன்ச். நெட்டுப் படத்தின் உயரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, ஆகவே 7.75 இன்ச். பிக்சலில் சொன்னால் ஒவ்வொரு கட்டமும் 1,550-க்கு 2,325, இடைவெளி 75, ஓரம் 300. பக்கத்தின் உயரம் 3,600. அதில் 2,325 போனால் மீதி 1,275. இதைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். மேலே 600, கீழே 675 விடுங்கள்.

கீழே கொஞ்சம் கூடுதலாக விடுவதற்குக் காரணம் இருக்கிறது. அளவுகோல் வைத்துச் சரி நடுவில் வைத்த படம், கண்ணுக்கு எப்போதும் கொஞ்சம் கீழே சரிந்த மாதிரியே தெரியும். பிரேம் கடைக்காரர்கள் மவுண்ட் போர்டு வெட்டும்போது கீழ்ப் பட்டையை அகலமாக விடுவது இதனால்தான். எடுத்த உடனே கேமராவிலிருந்து வெளியே வருகிற போலராய்டு படத்தில் கீழே அகலமான வெள்ளை இருக்குமே, அது வேறு கதை. 1972-இல் வந்த எஸ்எக்ஸ்-70 கேமராவின் படங்களில், படத்தைத் துலங்க வைக்கும் ரசாயனப் பை அந்தக் கீழ்ப் பட்டைக்குள் இருந்தது. அழகுக்காக வைத்ததில்லை. ஆனாலும் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அடிப்பகுதி கனமாக இருந்தால்தான் படம் உட்கார்ந்திருப்பது போல ஒரு நிம்மதி கிடைக்கிறது.

போட்டோஷாப்பில் இதைச் செய்ய, வலது பாதியை மட்டும் 5,400-க்கு 3,600 என்று தனி ஃபைலாகத் திறந்துகொள்வேன். வியூ மெனுவில் நியூ கைட் லேஅவுட் என்று ஒன்று இருக்கிறது. அதில் காலம் (நெடுக்குக் கட்டம்) 3, கட்டர் (நடு இடைவெளி) 75, இடது வலது மார்ஜின் 300, மேல் மார்ஜின் 600, கீழ் மார்ஜின் 675 என்று கொடுத்தால் நீலக் கோடுகள் தானாக விழும். அந்தக் கோட்டுக்குள் மூன்று செவ்வகம் வரைந்து, படத்தை மேல் லேயரில் வைத்து, கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் அழுத்தினால் படம் செவ்வகத்துக்குள் போய்விடும். படத்தை முதலிலேயே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொள்ளுங்கள். சிறிதாக்கி, மனம் மாறித் திரும்பப் பெரிதாக்கினாலும் படம் கெடாது.

எந்தெந்தப் படம்? முதல் கட்டத்தில் மாப்பிள்ளையின் கைகள், மணப்பெண்ணின் கழுத்தருகே. இரண்டாவதில் பின்னாலிருந்து நாத்தனாரின் விரல்கள் முடிச்சை இறுக்குவது. மூன்றாவதில் குனிந்த மணப்பெண்ணின் முகம், மார்பில் புதுத்தாலி. மூன்றும் நெருக்கமாக எடுத்தவையாக இருந்தால் மூச்சு முட்டும். அதனால் மூன்றாவதில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த படத்தை வைப்பேன்.

அடுத்தது சின்ன வேலை, பத்து நிமிஷம் பிடிக்கும். மூன்று கட்டத்திலும் மஞ்சள் கயிறு தெரிகிறது அல்லவா? முதல் படத்தில் அது கட்டத்தின் நடுவில் இருக்கும், இரண்டாவதில் மேலே, மூன்றாவதில் எங்கோ கீழே. குறுக்கே ஒரு கைட் கோடு இழுத்து, மூன்று படத்தையும் கட்டத்துக்குள்ளேயே மேலும் கீழும் நகர்த்தி, கொஞ்சம் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ, மூன்று கயிறும் அந்த ஒரே கோட்டில் வருகிற மாதிரி வையுங்கள். மயிரிழை சுத்தமாக வரவேண்டியதில்லை. வந்துவிட்டால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண் முதல் கட்டத்திலிருந்து மூன்றாவது வரைக்கும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போகும். மூன்று படம் ஒரே படமாகிவிடும். கயிறு தெரியாத ஷீட்டில் கண்களின் மட்டம், கையின் மட்டம், குத்துவிளக்குச் சுடரின் மட்டம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

படங்கள் படுக்கையும் நெட்டும் கலந்திருந்தால் என்ன செய்வது? வெட்டாமல் ஒரே உயரத்தில் வைக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. படுக்கைப் படத்தின் அகலம் உயரத்தைப் போல 1.5 மடங்கு. நெட்டுப் படத்தின் அகலம் உயரத்தில் 0.67 பங்கு. ஒரு படுக்கை, ஒரு நெட்டு என்றால் கூட்டு 2.17. கிடைக்கிற 16 இன்ச்சில் இடைவெளி கால் இன்ச் போக 15.75. அதை 2.17-ஆல் வகுத்தால் உயரம் ஏறத்தாழ 7.25 இன்ச். இரண்டு படத்தையும் அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தால் அகலம் தானாகச் சரியாகும். எத்தனை படம் கலந்தாலும் இதே கணக்குதான்.

இன்னொன்று, முகம் பார்க்கும் திசை. இடது ஓரத்துக் கட்டத்தில் இருப்பவர் இடது பக்கமே பார்த்தால், பார்க்கிறவர் கண்ணும் தாளை விட்டு வெளியே போய்விடும். உள்ளே பார்க்கிற முகங்களை ஓரத்தில் வையுங்கள். அதற்காகப் படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிவிடாதீர்கள். முந்தானை தோள் மாறும், வேட்டியின் கட்டு மாறும், மணப்பெண் மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதே மாறிவிடும். வீட்டுப் பெரியவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடைவெளி

திருவாரூர் தியாகராஜர் கோயிலில் தேவாசிரிய மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. அதன் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையைப் பட்டை பட்டையாக வரைந்திருக்கிறார்கள். சுமார் 300 வருஷத்துப் பழைய ஓவியம். ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தாலும் ஒரு காட்சி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதில் குழப்பமே வராது. பிரிக்கிற பட்டைகள் ஒல்லியாகவும் ஒரே சீராகவும் இருக்கின்றன. கூட்டம் கூட்டமாக ஆட்கள், யானை, தேர், வாணவேடிக்கை என்று நிரம்பி வழிகிற ஓவியத்தை அந்த ஒல்லிப் பட்டைகள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஆல்பம் செய்கிற யாரும் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நான் அங்கே கற்றது, இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. ஒரு ஷீட்டில் 75 பிக்சல் என்று வைத்தால் அந்த ஆல்பம் முழுக்க 75. ஓர் இடத்தில் 60, இன்னோர் இடத்தில் 90 என்று இருந்தால் எது தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஏதோ தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம், படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, தாளின் ஓரத்தில் விடுகிற இடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் படங்கள் ஒன்றையொன்று சேர்ந்தவையாகத் தெரியும். இல்லாவிட்டால் ஒரே பந்தியில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்த விருந்தாளிகள் மாதிரி தனித்தனியாகக் கிடக்கும்.

வெள்ளைத் தளத்தில் கால் இன்ச் போதும். அதே கால் இன்ச் கறுப்புத் தளத்தில் இன்னும் ஒல்லியாகத் தெரியும். வெளிச்சமான பகுதி கண்ணுக்கு எப்போதும் கொஞ்சம் அகன்றே தெரிவதுதான் காரணம். வரவேற்பு ஷீட்டுகளுக்குக் கறுப்பு வைத்தால் அவற்றில் மட்டும் அந்த 75 விதியைத் தளர்த்தி, இடைவெளியை 90-க்கு ஏற்றுங்கள். சாயங்கால விளக்கு, கற்கள் பதித்த லெஹங்கா, மேடை வெளிச்சம் எல்லாம் கறுப்பில்தான் எடுபடும். முகூர்த்தத்தின் மஞ்சளும் மாவிலைப் பச்சையும் வெள்ளையில்தான் நிற்கும். இரண்டையும் ஒரே ஷீட்டில் கலக்காதீர்கள்.

பின்னணியில் ரோஜா, அருவி, இறகு, இதயம் என்று ரெடிமேட் பிஎஸ்டிகள், அதாவது போட்டோஷாப் ஃபைல்கள், கிடைக்கின்றன. ஆரம்பத்தில் நானும் நிறையப் போட்டேன். இப்போது தொடுவதே இல்லை. மணப்பெண்ணின் கழுத்தில் உண்மையான ரோஜா மாலை இருக்கும்போது பின்னால் அச்சடித்த ரோஜா அதோடு போட்டி போடுகிறது. தளத்துக்கு நிறம் வேண்டுமென்றால் அந்தப் படத்திலேயே எடுங்கள். நிறத்தை எடுக்கும் ஐடிராப்பரை முகூர்த்தப் புடவையின் நிழல் விழுந்த மடிப்பில் வைத்தால் ஆழ்ந்த அரக்கு கிடைக்கும். அதை இன்னும் கொஞ்சம் மங்கவைத்துத் தளமாகப் போட்டால் புடவை முன்னே வரும்.

பார்டர் எதற்கு

பார்டர் என்றதும் தங்க நிறப் பூவேலை, வளைந்த மூலை என்று யோசிக்கிறார்கள். எனக்கு பார்டரின் வேலை ஒன்றே ஒன்றுதான்: படம் எங்கே முடிகிறது என்று சொல்வது. அது தானாகவே தெரிகிற இடத்தில் பார்டர் வேண்டாம்.

தெரியாத இடம் எது? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாமன் மச்சான்கள் எட்டுப் பேர் வெயிலில் நிற்கிற படம். வானமும் வெள்ளை. அதை வெள்ளைத் தளத்தில் வைத்தால் ஓரத்தில் நிற்பவரின் தோள் தாளோடு கரைந்துவிடும். அங்கே மூன்று பிக்சல் சாம்பல் கோடு போடுங்கள். 300 டிபிஐ-யில் மூன்று பிக்சல் என்றால் கால் மில்லிமீட்டர், பென்சில் கோடு அளவுதான். நிறம் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றிலும் 190. கரையாது, கண்ணையும் உறுத்தாது. ஒரு கட்டத்துக்குப் போட்டால் அந்த ஷீட்டின் எல்லாக் கட்டத்துக்கும் போட்டுவிடுங்கள்.

போட்டோஷாப்பில் இந்தக் கோட்டை (ஸ்ட்ரோக்) போடும்போது பொசிஷனை இன்சைடு என்று வையுங்கள். அவுட்சைடு வைத்தால் மூலைகள் லேசாக உருண்டுவிடும். ஸ்கிரீனில் கண்ணில் படாது, 12 பிக்சல் கோட்டுக்கு மேல் போனால் பிரிண்டில் நன்றாகவே தெரியும். இன்சைடில் மூலை கத்தி மாதிரி நிற்கும். கட்டத்தின் அளவும் வெளியே வளராது, நாம் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளி அப்படியே இருக்கும்.

ஒரு படத்தின் மேல் இன்னொரு சின்னப் படத்தை ஏற்றிவைக்கும்போதும் பார்டர் தேவைப்படும். அங்கே வெள்ளையில் 24 பிக்சல், அதாவது இரண்டு மில்லிமீட்டர். பழைய பிரிண்ட் ஒன்றை மேலே வைத்த மாதிரி இருக்கும். ஷேடோ போடுவதானால் ஆல்பம் முழுக்க வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வர வேண்டும். படத்தைச் சாய்த்து வைப்பது எனக்குப் பிடிக்காது. மணமேடையில் நேராக நின்றவரை எதற்குச் சாய்க்க வேண்டும்?

புடவைக்கரை மாதிரி அலங்கார பார்டர் வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். நல்ல ஆசைதான். முகூர்த்தப் புடவையின் கரையையே நேராகப் படம் எடுத்து, ஆல்பத்தின் முதல் ஷீட்டிலும் கடைசி ஷீட்டிலும் மட்டும் கீழே ஒரு பட்டையாகப் போட்டுக் கொடுப்பேன். ஒன்றரை இன்ச் உயரம் போதும். எல்லாப் பக்கத்திலும் போட்டால் அந்தக் கரைக்கு மதிப்பு இருக்காது.

தாளின் விளிம்பை ஒட்டி, நான்கு பக்கமும் சுற்றி ஒல்லியான கோடு மட்டும் போடவே போடாதீர்கள். நான் ஒருமுறை ஓர் ஆல்பம் முழுக்க, விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தங்க நிறக் கோடு போட்டேன். ஸ்கிரீனில் அவ்வளவு அழகாக இருந்தது. பிரிண்ட் போடுகிற லேபில் கட்டிங் போடும்போது தாள் இரண்டு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். மேலே மூன்று மில்லிமீட்டர், கீழே ஏழு மில்லிமீட்டர் என்று ஆல்பம் வந்தது. 30 ஷீட்டிலும் அப்படியே. கோடு இல்லாதிருந்தால் அந்த நகர்வு யாருக்குமே தெரிந்திருக்காது. விளிம்பில் கோடு வேண்டியே ஆகவேண்டும் என்றால் முக்கால் இன்ச் உள்ளே தள்ளிப் போடுங்கள். முகமோ காலோ விளிம்பிலிருந்து அரை இன்ச்சுக்குள் வரக் கூடாது. எவ்வளவு வெட்டுவார்கள் என்று அந்தந்த லேபில் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

நடு மடிப்பு

சீர்காழிப் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. குடும்பம் மொத்தமும் நிற்கிற பெரிய குரூப் படம், நாற்பது பேர் இருப்பார்கள். 36 இன்ச்சுக்கும் ஒரே படமாக இழுத்து வைத்தேன். நடுவில் நாற்காலியில் அப்பாயி உட்கார்ந்திருந்தார். நடுவில் என்றால் சரியாக நடுவில், 18-ஆவது இன்ச்சில். ஆல்பம் வந்ததும் மணப்பெண்ணின் அப்பா போனில் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "அம்மா மூஞ்சிலயே மடிப்பு விழுந்திருக்கேம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஷீட்டைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் ஆல்பம் வீடு போய்ச் சேர்ந்த அன்று எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தபோது அந்த அப்பாயி பார்த்தது மடிப்பு விழுந்த தன் முகத்தைத்தான். அதை என்னால் மாற்ற முடியவில்லை.

அன்றிலிருந்து புது ஃபைல் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை, 5,400-ஆவது பிக்சலில் ஒரு கைட் கோடு, அதற்கு இந்தப் பக்கம் 300, அந்தப் பக்கம் 300 தள்ளி இரண்டு கோடு. அந்த இரண்டு இன்ச்சுக்குள் முகம், கை, தாலி, எழுத்து எதுவும் வராது. தூண், திரைச்சீலை, வானம், வாழைமரம் வரலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6,000 பிக்சல் படத்தை 36 இன்ச்சுக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 167 பிக்சல்தான் கிடைக்கும், உயரத்தில் பாதியை வெட்டவும் வேண்டும். நாற்பது பேரின் முகம் அதில் தெளிவாக வராது. பெரிய குரூப்பை அரைப் பக்கத்திலேயே 18-க்கு 12 என்று வைப்பதுதான் அழகு.

மேடையில் வரிசையாக வந்து நின்று எடுத்துக்கொள்கிற குரூப் படங்களுக்கு மட்டும் என் 'ஒரு படம் பேச வேண்டும்' என்ற விதி பொருந்தாது. வந்தவர்கள் எல்லோரும் சமம். யாரைப் பெரிதாக்கினாலும் யாருக்காவது மனத்தாங்கல் வரும். அரைப் பக்கத்துக்கு நான்கு, ஷீட்டுக்கு எட்டு. ஒவ்வொன்றும் 7.9-க்கு 5.25 இன்ச். இடது வலது ஓரம் ஒரு இன்ச், இடைவெளி அதே கால் இன்ச். எட்டிலும் தலைகள் ஏறத்தாழ ஒரே அளவு இருக்கிற மாதிரி வெட்டுங்கள். நான்கு பேர் நின்ற படத்தில் முகம் பெரிதாகவும், பன்னிரண்டு பேர் நின்ற படத்தில் கடுகு மாதிரியும் இருந்தால் பக்கம் குலுங்கும். மேடையின் விளிம்பு எட்டிலும் ஒரே மட்டத்தில் வந்தால் இன்னும் நல்லது.

எல்லாம் முடிந்தபிறகு ஷீட்டை ஏ4 தாளில் பிரிண்ட் எடுங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவில் வரும். நடுவில் மடித்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகங்கள் மறைந்து கட்டங்களும் இடைவெளிகளும் மட்டும் தெரியும். எங்கே கனம் கூடியிருக்கிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். லேபுக்கு அனுப்பும்போது நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி, ஃபைல் ஜேபெக், குவாலிட்டி 12.

பழைய படங்களுக்கு

ஆல்பத்தின் முதல் ஷீட்டில் இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டிகளின் கல்யாணப் படங்களை வைக்கலாம் என்று நான் சொல்வதுண்டு. பெட்டியைக் குடைந்து எடுத்துவருவார்கள். கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அளவு, நான்கு பக்கமும் வெள்ளை ஓரம், சிலவற்றில் விளிம்பு பல் பல்லாக வெட்டியிருக்கும். அவற்றுக்குப் புது பார்டர் போடாதீர்கள். அந்த வெள்ளை ஓரத்தோடு, பல் விளிம்போடு, மூலையில் ஸ்டுடியோவின் முத்திரை இருந்தால் அதோடு, 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். அந்த ஓரத்தைப் போல அந்தப் படத்துக்குப் பொருத்தமானதை நம்மால் செய்ய முடியாது. மஞ்சளேறிய நிறத்தையும் முழுசாக எடுத்துவிடாதீர்கள். மடிப்பு விழுந்த கோடு முகத்தின் குறுக்கே போனால் மட்டும் சரிசெய்யுங்கள்.

நான்கு படமும் நான்கு அளவில் இருக்கும். ஒரே அளவுக்குக் கொண்டுவராமல், அசல் அளவைப் போல ஒன்றரை மடங்கு என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பெரிதாக்குங்கள். அப்போது பெரியது பெரியதாகவும் சிறியது சிறியதாகவும் இருக்கும். கீழ் விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்கட்டும், மேலே ஏறி இறங்கட்டும். சுற்றிலும் இடம் தாராளமாக விடுங்கள், குறைந்தது முக்கால் இன்ச். கீழே சின்ன எழுத்தில் பெயரும் ஊரும் வருஷமும். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் ஊர் மட்டும்.

ஸ்கேன் முடிந்ததும் அந்தப் படங்களைத் திருப்பி, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு படத்தின் பின்னால் மங்கிய மையில் "அக்காவுக்கு" என்று மட்டும் இருந்தது. அதையும் ஸ்கேன் செய்து, படத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவுக் கட்டத்தில் வைத்தேன். ஆல்பத்தை வாங்க வந்த அம்மா நின்றுகொண்டே முதல் ஷீட்டைத் திறந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.